குடல் எம்ப்ரியாலஜியை நோய்களோடு சேர்த்தே படியுங்கள்

மருத்துவப் படிப்பில், கருவில் குடல் வளரும் விதத்தை (எம்ப்ரியாலஜி) அனாடமியில் ஒரு தடவையும், பிறவிக் குறைபாடுகளைக் குழந்தை அறுவை சிகிச்சையில் இன்னொரு தடவையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே மனதில் நிற்காது. நான் இரண்டையும் ஒரே நோட்டில் வைத்துக்கொண்டேன். வளர்ச்சியின் ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும், அந்தப் படி தவறினால் வரும் நோயை எழுதிவந்தேன். இறுதியாண்டு வரை எனக்குக் கைகொடுத்தது அந்த நோட்டுதான்.

ரத்தக்குழாயில் தொடங்குங்கள். கருவின் குடலில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமனி: முன்குடலுக்கு சீலியாக், நடுக்குடலுக்கு சுப்பீரியர் மெசென்டெரிக், பின்குடலுக்கு இன்ஃபீரியர் மெசென்டெரிக். அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) நடுக்குடலைச் சேர்ந்தது, நடுக்குடலின் வலி தொப்புளைச் சுற்றி உணரப்படும். அதன் வலி முதலில் தொப்புளைச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது நடுக்குடல் சுழற்சிக்கு. படத்தைப் பார்த்துப் புரியவில்லை என்றால் ஒரு பேனாவையும் நூலையும் எடுங்கள். பேனாதான் சுப்பீரியர் மெசென்டெரிக் தமனி, நூல்தான் குடல். அதன் முனை உங்களைப் பார்க்கட்டும். நூலை அதன் மேலும் கீழுமாக வளைத்துப் பிடியுங்கள். கருவின் 6ஆம் வாரத்தில் வயிற்றுக்குள் இடம் போதாமல் குடல் தொப்புள்கொடிக்குள் போகிறது. அப்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி சுழல்கிறது. 10ஆம் வாரத்தில் உள்ளே திரும்பும்போது மேலும் 180. ஜெஜுனம் (சிறுகுடலின் நடுப்பகுதி) முதலில் நுழைந்து இடப்பக்கம் போகும், சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) கடைசியில் வரும். கையால் ஒருமுறை சுழற்றிப் பார்த்தாலே, டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) தமனிக்குப் பின்னாலும் குறுக்குப் பெருங்குடல் முன்னாலும் ஏன் இருக்கின்றன என்பது விளங்கும்.

இனி நோய்கள் தாமாக வரும். வெளியே போன குடல் திரும்பாவிட்டால் ஓம்ஃபலோசீல்: குடல் தொப்புள் வழியாக, மேலே உறையோடு வெளியே இருக்கும், குரோமோசோம் கோளாறுகளைத் தேட வேண்டும். வயிற்றுச் சுவரின் ஓட்டை வழியே குடல் வெளியே வரும் காஸ்ட்ரோஸ்கைசிஸில் உறை கிடையாது, ஓட்டை பெரும்பாலும் தொப்புளுக்கு வலப்பக்கம். சுழற்சி பாதியில் நின்றால் மெசென்டரியின் (குடலைத் தாங்கும் மடிப்பு) அடி குறுகி, குடல் முறுக்கிக்கொள்ளும். பச்சிளங்குழந்தை பச்சையாக (பித்தத்தோடு) வாந்தி எடுத்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை வால்வுலஸ் (குடல் முறுக்கு) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் வரி அல்ல இது. சில மணி நேரத் தாமதத்தில் குடல் அழுகிவிடும்.

வாந்தியின் நிறத்தைக் கேட்காமல் எந்தக் கேஸையும் விடாதீர்கள். பைலோரிக் ஸ்டெனோசிஸில் (இரைப்பையின் வெளிவாசல் குறுகுதல்) அடைப்பு பித்தக்குழாய்த் திறப்புக்கு மேலே, அதனால் பித்தம் வராது. பெரும்பாலும் 3 முதல் 6 வார வயதில் பீய்ச்சியடிக்கும் வாந்தி, ரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் குறைந்த ஆல்கலோசிஸ் (ரத்தத்தில் காரத்தன்மை கூடுதல்). டியோடினல் அட்ரீசியாவில் (பிறவியிலேயே டியோடினம் அடைபட்டிருத்தல்) வாந்தி பெரும்பாலும் பச்சை, எக்ஸ்ரேயில் இரட்டைக் குமிழி, டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டியோடினத்தில் மூடிய குழாய் மறுபடி திறக்காததும், ஜெஜுனத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டதும் அட்ரீசியாவுக்குக் காரணம். இந்த வேறுபாட்டை வைவாவில் (வாய்மொழித் தேர்வு) விரும்பிக் கேட்பார்கள்.

ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: குடலின் நரம்பு செல்களாக மாறும் நியூரல் கிரெஸ்ட் செல்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. பயணம் நடுவில் நின்றால் மலக்குடல் எப்போதும் பாதிக்கப்படும். வீங்கிய பகுதி நல்ல குடல், குறுகிய பகுதிதான் நோயுள்ளது; பலர் மாற்றி எழுதுவது இங்கேதான். 48 மணி நேரத்துக்குள் மெக்கோனியம் (குழந்தையின் முதல் மலம்) போகவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். உறுதிசெய்வது மலக்குடல் பயாப்ஸி (திசுப் பரிசோதனை).