வலி போயிருமா, போகாதா?

முட்டு வலி குறையுமா என்று கேட்டால் "குறையும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதில் பொய் கிடையாது. மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி பலருக்கு ஓரளவு வலியைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த ஒரு அம்மாவுக்கு வலி மொத்தமாகப் போயாக வேண்டும்.

மாட்டுத்தாவணியில் மல்லி வாங்கிவந்து வீட்டில் சம்மணம் போட்டுச் சரம் கட்டுகிறவர். பகலெல்லாம் முட்டி மடங்கியே இருக்கும். ராத்திரியும் இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத்தான் படுப்பாராம். மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, காலை மேலே நீட்டச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிட்டது. உட்காரும் எலும்பில் தொடங்கிப் பின்தொடை வழியாக முட்டியைத் தாண்டி இறங்கும் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் அவ்வளவு இறுக்கம். முட்டி முழுசாக நீளாமல் நடந்தால் முன்தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும், முட்டிச் சில்லும் அழுந்தும். இறுக்கம் மட்டும் என்றால் இழுத்து விட்டு அனுப்பியிருப்பேன். குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு மடக்கச் சொன்னால் என் கையைத் தள்ளக்கூட அதே தசைக்குப் பலமில்லை.

"நீங்க இழுத்து விட்டா கால் லேசா இருக்கு தம்பி. கரண்டு வச்சாலும் சுகமாத்தான் இருக்கு. இந்த இடுப்பத் தூக்குறது, மணல் பையக் கட்டிக் கால மடக்குறது, இதெல்லாம் செஞ்சா வலி போயிருமா, போகாதா? அத மட்டும் சொல்லுங்க."

"போயிரும்னு சொல்ல முடியாதும்மா. பலம் வரும். எந்திரிக்க, படியேற லேசா இருக்கும். வலியும் குறையலாம்."

"அப்ப நிச்சயமில்ல."

கோபப்படவில்லை. எழுந்து போனார், அப்புறம் வரவில்லை.

சரியாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இழுத்ததும் கிடைக்கிற அந்த லேசு, தசை நீண்டதால் வருவது என்பதைவிட, இழுப்பைத் தாங்க உடம்பு பழகுவதால் வருவதே அதிகம். மறுநாள் மறுபடி சம்மணம் போட்டால் அது எத்தனை நேரம் நிற்கும்? பலம் ஏறுவதற்கோ வாரக்கணக்கில் செய்ய வேண்டும். போயிரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து "போகலையே தம்பி" என்று வந்து நின்றால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் இதுவும் தோன்றுகிறது: பூக்கட்டி வருகிற காசில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்து, அரைநாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவர் நிச்சயம் கேட்காமல் வேறென்ன கேட்பார்? நம்பிக்கையோடு செய்கிறவர்தான் விடாமல் செய்கிறார், விடாமல் செய்தால்தான் பலனும். அப்படிப் பார்த்தால் நான் உண்மையைச் சொன்ன விதமே அந்தப் பலன் கிடைக்காமல் செய்திருக்கலாம். அதற்காகப் பொய் சொல்ல முடியுமா என்ன.

போன மாதம் மேலூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார், அதே கேள்வி. "போயிரும்ணே, விடாம செய்யுங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வந்துவிட்டது. தவறாமல் வருகிறார், மணல் பையில் எடையும் கூட்டியாயிற்று, சாரத்தில் ஏறும்போது கால் நடுங்குவதில்லையாம். வலி அப்படியேதான் இருக்கிறது என்கிறார். எப்போது போகும் என்று இன்னும் கேட்கவில்லை.