நன்னாரி சர்பத்துக்கு ஏற்ற கேஸ் அடுப்பைத் தேடிப் பிடித்த கதை

வீட்டு கேஸ் அடுப்பில் 5 லிட்டர் வரைக்கும் நன்னாரி சர்பத் போடுவதில் சிரமம் எதுவும் இல்லை. சொந்தக்காரங்க, தெரிந்த கடைக்காரங்க என்று கேட்பவர்கள் கூடி, 40 லிட்டர் அண்டாவை இறக்க வேண்டி வந்தபோதுதான் அடுப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் எங்கள் ஊர். சித்திரை வெயிலில் இங்கே சர்பத்துக்கு இருக்கும் கிராக்கி சொல்லி மாளாது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 28 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர ஏறக்குறைய 2,160 கிலோ கலோரி. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் கிட்டத்தட்ட 11,000 கிலோ கலோரி வரும். ஆனால் பாத்திரத்துக்குள் போவது அதில் ஒரு பங்குதான். நல்ல வீட்டு அடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பெரிய அடுப்புகளில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் மணிக்கு 150 முதல் 200 கிராம் வரை எரிக்கும். அதில் இந்த அண்டா கொதிக்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். மணிக்கு 600 கிராம் எரிக்கும் பர்னர் என்றால் 40 நிமிடத்தில் வந்துவிடும்.

கணக்கைப் போட்டதும், பெரிய பர்னரை வாங்கினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். நன்னாரிக்கு அது போதாது. வேரைக் கழுவி, இடித்து, நடுவில் இருக்கும் கட்டையான தண்டை எடுத்துவிட்டு, கொதித்த தண்ணீரில் போட்டு மூடி வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் வாசம் வீதி முழுக்க மணக்கும், பாட்டிலில் இருக்காது. நன்னாரி மணத்துக்குக் காரணமான 2-ஹைட்ராக்ஸி-4-மீத்தாக்ஸி பென்சால்டிஹைடு நீராவியோடு சேர்ந்து வெளியேறிவிடும் பொருள். (வெனிலா மணத்தைத் தரும் வெனிலினும் இதுவும் ஒரே எண்ணிக்கையில் அதே அணுக்களைக் கொண்டவை, அடுக்கு மட்டும்தான் வேறு. நன்னாரியை மோந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.)

கேஸ் செலவும் இதில்தான் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் ஒரு லிட்டரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். அதாவது 5 லிட்டர் ஆவியாகப் போனால் 2,700. முழு 30 லிட்டரையும் கொதிக்க வைத்ததை விட அதிகம்! கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறப்போவதில்லை, ஆவிதான் அதிகமாகும். அதனால் எனக்கு வேண்டியது ஒரே அடுப்பில் இரண்டு குணம்: வேகமாகக் கொதிக்க வைக்கணும், அப்புறம் சின்னத் தீயில் அணையாமல் நிற்கணும். ஒரு பர்னர் எவ்வளவு பெரிதாக எரியும் என்பதை எல்லாக் கடையிலும் காட்டுகிறார்கள். எவ்வளவு சின்னதாக எரியும் என்பதை நாமாகக் கேட்டால்தான் உண்டு.

அத்தை விறகு அடுப்பில்தான் காய்ச்சுவார். வேர் போட்ட தண்ணீர் புகை வாசத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பதால் எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. வீட்டுக்கு விற்கும் இண்டக்‌ஷன் அடுப்பு 2 கிலோவாட் அளவில்தான் இருக்கும். 30 லிட்டருக்கு அதுவும் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும், அவ்வளவு எடையை அந்தக் கண்ணாடியின் மேல் வைக்கவும் மனசு வரவில்லை.

கோயமுத்தூரில் டவுன்ஹால் பக்கம் பாத்திரக் கடைகளில் விசாரித்தேன். வார்ப்பட்டறைகளுக்குப் பேர் போன ஊர் என்பதால் வார்ப்பிரும்பு பர்னர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

“அம்மிணி, பரோட்டாக் கடைக்குங்களா, விசேஷ சமையலுக்குங்களா?”

“ரெண்டுக்கும் இல்லீங்கண்ணா. சர்பத் காய்ச்சறதுக்கு.”

“அப்பொ ஹை பிரஷர் வேண்டாமுங்க. சக்கரை அடி புடிச்சுக்கும்.”

அவர் சொன்னதன் காரணத்தை விளக்குகிறேன். வீட்டு ரெகுலேட்டர் கேஸை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அழுத்தத்தில்தான் வெளியே விடும். ஹை பிரஷர் ரெகுலேட்டர் அதைப் போலப் பல மடங்கு விடும், திருகைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கலாம். அந்த பர்னரில் தீ நடுவில் குவிந்து உஸ்ஸென்று எழும். வாணலியில் சாதம் கிளறுவதற்கு அதுதான் வேண்டும். சர்க்கரைப் பாகுக்கு அது ஆகாது. நடுவில் மட்டும் கருகும். வேரை வடிகட்டி எடுத்த 10 லிட்டர் தண்ணீருக்கு 19 கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்க்கிறேன், அப்போதுதான் சர்க்கரை 65 சதவீதத்துக்கு வந்து சர்பத் கெடாமல் இருக்கும். அவ்வளவு சர்க்கரை கரைகிற வரைக்கும் அடியில்தான் கிடக்கும். இன்னொரு சிக்கல், ஹை பிரஷர் பர்னரை ரொம்பக் குறைத்தால் கேஸ் வரும் வேகம் குறைந்து, தீ பின்னால் போய்க் குழாய்க்குள் டப்பென்று பற்றிக்கொள்ளும்.

நான் எடுத்தது லோ பிரஷர், இரட்டை வளைய பர்னர். உள் வளையத்துக்கு ஒரு வால்வு, வெளி வளையத்துக்குத் தனி வால்வு. தண்ணீர் கொதிக்கும் வரை இரண்டும் எரியும். வேரைப் போடும்போது அடுப்பையே அணைத்து மூடிவிடலாம். பாகுக்கு ஒரு வளையம் போதும். மூன்று வளையமும் பார்த்தேன், என் அண்டாவின் அடியை விட அகலமாக இருந்தது. தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறினால் கைப்பிடிதான் சுடும், தண்ணீர் சுடாது. உங்கள் அண்டாவின் அடியை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் அண்டாவையே தூக்கிக்கொண்டு போங்கள், நான் அப்படித்தான் போனேன்.

தண்ணீர் ஊற்றி அண்டாவை ஏற்றிப் பற்ற வைத்துக் காட்டச் சொன்னேன். தீ நீலமாக, ஓட்டைக்கு ஓட்டை ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை, அண்டா அடியில் கரி படியும், கார்பன் மோனாக்சைடும் வரும். தீ பர்னரை விட்டு எழும்பி மிதந்தால் காற்று அதிகம். ஜெட்டுக்கு (கேஸ் பீய்ச்சி வரும் சின்ன ஓட்டை) பக்கத்தில் இருக்கும் தகட்டைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். அந்தத் தகடு இல்லாத அடுப்பை நான் தொடவே இல்லை. ஸ்டாண்டையும் அசைத்துப் பாருங்கள், நிறைந்த அண்டா 40 கிலோவைத் தாண்டும். உயரம் ஒரு அடி போதும். சூடான அண்டாவை இடுப்பு உயரத்தில் இருந்து இறக்குவது ஆபத்து. அண்டாவின் அடிப்பக்கம் குழாய் வைத்துவிட்டால் இறக்கும் வேலையே இல்லை.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டு அடுப்புகளில் மணிக்கு எவ்வளவு வெப்பம் தரும் என்பதை பிடியூ (BTU) என்ற அளவில் போட்டிருப்பார்கள். நாலால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கலோரி வந்துவிடும். நம் 600 கிராம் பர்னர் அந்தக் கணக்கில் 26,000 சொச்சம்.

சிலிண்டர் விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். விற்பனைக்குக் காய்ச்சினால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, சட்டப்படி தப்பு. 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்றால் இதற்கு 18. செலவு கூடத்தான் செய்யும், பாட்டில் விலையில் அதைச் சேர்த்துத்தான் ஆகணும். 5 கிலோ சின்ன சிலிண்டர் போதுமே என்று கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்துபோகும். சின்ன சிலிண்டரில் இருந்து வேகமாக உறிஞ்சினால் வெளியே வியர்த்து, அழுத்தம் இறங்கி, தீ சோர்ந்துவிடும்.

இனி எங்கள் பக்கத்துப் பிரச்சினை, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் இங்கே இத்தனை காற்றாலை நிற்கிறது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆனால் வைகாசி கடைசியிலேயே அது ஆரம்பித்துவிடும். தாவாரத்தில் வைத்த அடுப்பின் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி சூடு வெளியே போனது. வீட்டுக்காரர் தகரத்தில் மூன்று பக்கம் மறைப்பு செய்து கொடுத்தார். அடியில் நாலு விரல் இடைவெளி விட்டோம், பர்னருக்குக் காற்று போக வேண்டுமே. மறைப்புக்குள் சிலிண்டரை வைக்கவே கூடாது. அது வெளியே, நிமிர்ந்த நிலையில், டியூபில் சூடு படாத தூரத்தில் நிற்கிறது. வீட்டுக்குள் காய்ச்சுபவர்கள் தரையோடு காற்று வெளியேற வழி விடுங்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அடுப்பை எந்தப் பள்ளத்திலும் வைக்காதீர்கள்.

கம்பி வலை போட்ட ஆரஞ்சு டியூபைத்தான் மாட்டியிருக்கிறேன். 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும், அதனால் வாங்கிய தேதியை மறைப்புத் தகரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, முட்டை விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பற்ற வைக்கிறேன். பாகு பொங்கி வழிந்தால் பர்னர் ஆறியதும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி எடுத்துவிட வேண்டும். வார்ப்பிரும்பு என்பதால் கழுவிய பிறகு ஈரத்தோடு விடாமல் துடைத்து, சீசன் முடிந்ததும் லேசாக எண்ணெய் பூசி வைத்தால் துரு ஏறாது.