கிழங்கு லோடு ஏற்றும் நண்பர்களுக்கு

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி வெட்டு தொடங்கிவிட்டால் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். காத்திருக்கும் நேரத்தில் டயரை உதைத்துக் காற்று பார்ப்பார்கள். டிரெய்லர் சக்கரத்தின் நடுவே, பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பவர் அபூர்வம்.

வண்டி நின்றதும் ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தச் சக்கரத்தை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். கிரீஸ் காய்ந்திருக்கும், இல்லையென்றால் பேரிங்கை அச்சில் பிடித்திருக்கும் நட்டை முரட்டுத்தனமாக முறுக்கியிருப்பார்கள். இறுக்கினால்தான் உறுதி என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு! சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

பேரிங்கின் மேலே கிரீஸ் பூசினால் போதாது. பழையதை டீசலில் கழுவி, காயவிட்டு, உள்ளங்கையில் புது கிரீஸை எடுத்து ரோலர்களுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்த வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருகிறவர்களுக்கு பிரேக் சூடும் ஹப்பில்தான் ஏறும். அடிவாரம் வந்ததும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ஹப் சட்டெனக் குளிரும்போது கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் சீல் வழியே ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.