மொட்டை மாடியிலிருந்து வியாழனும் அதன் நிலவுகளும்

வியாழனைப் படமெடுக்கக் கடலூர் மிக நல்ல ஊர். 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேரெதிரே வந்த வியாழன், நள்ளிரவில் நம் ஊரில் ஏறத்தாழ 80 பாகை உயரத்தில், அநேகமாக உச்சந்தலைக்கு மேலேயே நின்றது. அவ்வளவு உயரத்தில் கோளின் ஒளி கடந்து வரவேண்டிய காற்று மிகக் குறைவு. போதாததற்கு, வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தணியத் தொடங்கும் மார்கழிக் கடைசி அது.

மாடித் தளம் பகல் சூட்டை விட்டு முடிக்கும்வரை, திரையில் வியாழன் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் காசைப்போல நெளிந்துகொண்டே இருக்கும். அதனால் இரவு பத்து மணிக்கு முன் நான் கேமராவைப் பொருத்துவதில்லை.

எட்டு அங்குலத் தொலைநோக்கியில் காணொளியாகப் பதிந்து, ஆயிரக்கணக்கான சட்டகங்களில் தெளிவானவற்றை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்கி ஒரே படமாக்குகிறேன். ஆனால் விரும்பிய நேரமெல்லாம் பதிந்துகொண்டிருக்க முடியாது. பூமியைப்போல் பதினோரு மடங்கு அகலமுள்ள அந்தக் கோள் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால், இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டினால் மேகப் பட்டைகளின் நுண்விவரங்கள் இழுபட்டுப் போகும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளில் ஒன்றான அயோவோ நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, மூன்றரை நிமிடத்தில் தன் விட்டத்தின் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. அது கோளின் முகத்தைக் கடக்கும் இரவுகளில், அதன் கரிய நிழற்புள்ளி அடுத்தடுத்த காணொளிகளில் இடம் மாறியிருப்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி எனக்கு இந்தக் கலையில் வேறில்லை.

உண்மையான சிக்கல் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. வியாழனின் வட்டு அப்போது சுமார் 46 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம். நிலவுகளோ ஒன்று முதல் இரண்டு விகலைக்குள் அடங்கும் புள்ளிகள். பட்டைகள் தெரியும்படி ஒளியை அளந்தால் நிலவுகள், குறிப்பாக இருண்ட மேற்பரப்புள்ள கலிஸ்டோ, மங்கிவிடும். நிலவுகளுக்காகக் கூட்டினால் கோள் வெளுத்துப்போகும். எனவே இரண்டு பதிவுகளை உடனுக்குடன் எடுத்து இணைக்கிறேன். நிலவுகள் இருந்த இடமும் அவற்றின் அளவும் மாறாதவரை அது நேர்மையான படம் என்பது என் உறுதியான கருத்து.

கலிஸ்டோ சில இரவுகளில் வியாழனின் விட்டத்தைப்போல் பதின்மூன்று மடங்கு தொலைவுக்கு விலகிப்போய், உருவைப் பெரிதாக்கும் பார்லோ வில்லை போட்ட சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடும். அழகுக்காக அதை அருகே இழுத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அன்றைய படத்தை மூன்று நிலவுகளோடேயே வெளியிடுவது என் வழக்கம்.