சித்தப்பாவின் கான்டெஸா காருக்கு 17 இன்ச்

வீலை மாட்டியாச்சு, எல்லா போல்ட்டும் ஏறிவிட்டது. சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

டயர் கடை அண்ணன் மட்டும் வீலின் நடு ஓட்டைக்கும், அது மாட்டும் அச்சு முனையான ஹப்புக்கும் இடையே நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

"ஹப்புல உட்காரலை தம்பி. வெறும் போல்ட்டுலதான் நிக்குது. எண்பதுல போனா ஸ்டீயரிங் உதறும்."

நடுவில் ஒரு ரிங் போட்டால் அது சரியாகிவிடுமாம். வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்கிற ஆஃப்செட்டுக்கு அப்படி வழியில்லை. சக்கரம் வெளியே தள்ளி நின்றது. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் ஃபெண்டரில் உரசும்.

இப்போது ஓடுவது 195/70 ஆர்14 டயர்: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 14 இன்ச். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 136 மில்லிமீட்டர் ரப்பர். சித்தப்பா ஆசைப்பட்ட 205/45 ஆர்17-இல் அது 92தான்; பள்ளத்தில் இறங்கினால் அடி ரிம்முக்கே போகும். 17 இன்ச் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாபநாசம் பக்கம் குறுவை அறுத்து ரோட்டிலேயே நெல் காயப்போடும் மாதம் இது. குவியலுக்கு ஒதுங்கினால் பள்ளம், பள்ளத்துக்கு ஒதுங்கினால் வாய்க்கால்.

கழற்றி வைத்த பழைய டயரின் பள்ளங்களில் வரிசையாக நெல்மணி சிக்கியிருந்தது. ஒன்றை எடுத்து உமி நீக்கி வாயில் போட்டுக்கொண்டார் சித்தப்பா.

1984-இல் வந்து 2002-இல் நின்றுபோன வண்டி. நம்மூர் மஸில் கார் என்பார்கள். அதற்குப் பளபளப்பு தேடுகிறவர், அது ஓடும் ரோட்டை ஒரு நிமிஷம் மறந்துவிட்டார் போல. நானும்தான்.

கடைசியில் 205/60 ஆர்15. பழைய டயரோடு பார்த்தால் மொத்த விட்டத்தில் 2 மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது.

"சரி, அதுலயாவது கறுப்பு கலர் இருக்கா?" என்றார்.