ஒரே கட்டடம், இரண்டு பக்கம்

வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரமே சீனியரிடம் திட்டு வாங்கினேன். மதுராந்தகம் பக்கத்து நிலத் தகராறு ஒன்று, செகண்ட் அப்பீல் (இரண்டாம் மேல்முறையீடு). சிவப்பு நாடா கட்டிய கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு சென்னை ஹைகோர்ட்டில் ஒரிஜினல் சைடு கவுண்டரில் போய் நின்றிருக்கிறேன். அது போக வேண்டியது அப்பீல் சைடுக்கு.

"ஒரு கோர்ட்டுக்கு எதுக்கு சார் ரெண்டு பக்கம்?" என்று கேட்டேன். திட்டி முடித்தவர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

ஒரு காலத்தில் இவை வேறு வேறு கோர்ட்டாம். 1801-ல் இங்கே வந்த சுப்ரீம் கோர்ட் இங்கிலாந்து ராஜாவின் கோர்ட், சென்னைப் பட்டணத்துக்கு மட்டும். பட்டணத்தைத் தாண்டினால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோர்ட்டுகள். வங்காளத்தில் பழகிய முறையை 1802-ல் இங்கேயும் கொண்டுவந்து ஜில்லா கோர்ட்டுகள் வைத்தார்கள். அவற்றுக்கு மேலே அப்பீல் கேட்கும் தலைமைக் கோர்ட்டான சதர் அதாலத். ஊர் வழக்குகளைப் பார்க்க 1816-ல் கம்பெனி அதிகாரி மன்றோ காலத்தில் ஜில்லா முன்சீப்புகள் என்ற கீழ்க்கோர்ட் நீதிபதிகள் வந்தார்கள். 1862-ல் சுப்ரீம் கோர்ட்டையும் சதர் அதாலத்தையும் சேர்த்து ஹைகோர்ட் ஆக்கினார்கள். சேர்த்தார்களே தவிர, கலக்கவில்லை. பட்டணத்து வாரிசு ஒரிஜினல் சைடு, மொபசல், அதாவது வெளியூர் வாரிசு அப்பீல் சைடு. இப்போதிருக்கிற சிவப்புக் கட்டடமே அதற்கு 30 வருஷம் கழித்து, 1892-ல்தான் திறந்தது. அப்புறமும் இரண்டு பக்கமும் இரண்டாகவே இருக்கின்றன.

எனக்கு இதைவிடப் பிடித்தது பேச்சு. கம்பெனி கோர்ட்டுகள் நவாபு காலத்து வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொண்டன. தாவா, வாய்தா, ஜாமீன், ஜப்தி, வக்கீல், ஏன் என் வேலையான குமாஸ்தா உட்பட எல்லாம் அரபியும் பாரசீகமும்தான். சம்மன், டிக்ரி, அபிடவிட் எல்லாம் இங்கிலீஷ். இன்றைக்கு உத்தியோகப் பெயர் பெய்லிப் என்றாலும் எங்கள் ஊரில் கோர்ட் உத்தரவோடு வீட்டு வாசலில் வந்து நிற்பவர் அமீனாதான்.

அந்த மதுராந்தகம் கட்சிக்காரர் தமிழைத் தவிர வேறு பாஷை அறியாதவர். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தாவா போட்டது எங்கப்பா. டிக்ரி ஆச்சு, அமீனா வந்தாரு, ஸ்டே வாங்கிட்டாங்க." அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இன்னைக்கும் வாய்தாதானா?"