குளத்தில் 30, கணக்கில் 15

சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கம், அரோவானா என்ற அலங்கார மீனை வளர்க்கும் ஒரு பண்ணையில் குளத்தைக் காட்டி எத்தனை தாய்மீன் (குஞ்சு எடுக்க வைத்திருக்கும் ஆண், பெண் மீன்கள்) என்று கேட்டால், 30 என்று சட்டென்று பதில் வரும். தீனி வாங்க அந்தக் கணக்குப் போதும். மரபணுக் கணக்கு வேறு.

அரோவானாவில் ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது கடினம். முட்டையை வாயில் வைத்து அடைகாப்பது ஆண். கீழ்த்தாடை பைபோலத் தொங்கும்போதுதான் அது அப்பன் என்று உறுதியாகும். வலையிட்டு, ஈரத்துணியில் அணைத்துப் பிடித்து, தாடையை மெல்லத் திறந்தால் மஞ்சள்கரு உருண்டையோடு குஞ்சுகள் பேசினில் விழும். ஒவ்வொரு முறையும் அந்த ஆணின் சிப் எண்ணை (உடலுக்குள் பொருத்திய அடையாளச் சில்லின் எண்) எழுதி வைக்க வேண்டும். ஓராண்டுப் பதிவில் அதே நாலைந்து எண்களே திரும்பத் திரும்ப வந்தால் கவலைப்பட வேண்டிய நேரம்.

15 ஆண், 15 பெண் என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் எல்லாம் முட்டையிட்டாலும் ஆணில் 5 மட்டுமே அப்பனானால், 4×5×15 (நான்கு மடங்கு ஆண் பெருக்கல் பெண்) என்பதை, இரண்டின் கூட்டலான 20ஆல் வகுக்க வேண்டும். விடை 15. அந்தக் குளம் மரபணு அளவில் 15 மீன்களுக்குத்தான் சமம். உறவுக்குள்ளேயே இணைவதால் வரும் உறவுக்கலப்பு தலைமுறைக்கு 3.3 விழுக்காடு ஏறும். ஐந்து தலைமுறையில் 15 விழுக்காட்டைத் தாண்டும். நம்மவர்களுக்கு இதைப் புரியவைக்க எளிய வழி உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு இந்த அளவு 6.25, தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தால் 12.5. குளம் அதையும் தாண்டிவிட்டது. முட்டை பொரிப்பது குறையும், கோணல் முதுகு வரும். பழி மட்டும் தண்ணீர்மேல் விழும்.

அப்பனைத் தாடை காட்டிக்கொடுக்கும்; தாய் யாரென்று கண்டுபிடிக்க டிஎன்ஏதான் வழி. வால் துடுப்பு ஓரத்தில் சில மில்லிமீட்டர் வெட்டினால் போதும், மீண்டும் வளர்ந்துவிடும். வெட்டிய துண்டு 95 விழுக்காடு எத்தனாலில் முழுதும் மூழ்க வேண்டும். துண்டின் அளவைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்கட்டும். சேதம் பெரும்பாலும் இங்கேதான். துண்டோடு குளத்து நீரும் வழவழப்பும் சேர்ந்து போனால் எத்தனால் நீர்த்துப்போய் டிஎன்ஏ சிதையும். குழாயின் வெளியே மார்க்கரில் எழுதிய எண், ஒரு சொட்டு எத்தனால் பட்டாலே அழியும். பென்சிலால் காகிதத் துண்டில் எழுதி உள்ளேயே போடுங்கள். கத்தரியை ஒவ்வொரு மீனுக்கும் இடையே நெருப்பில் காட்டித் துடைக்காவிட்டால், ஒரு குழாயில் இரண்டு மீனின் மரபணு வந்து நிற்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, சிப் எண்ணும் குழாய் எண்ணும் மாறிப்போவது. ஆய்வகம் அதைக் கண்டுபிடிக்காது, தவறான தாயை நம்பிக்கையோடு சொல்லும்.

ஆய்வக முடிவைப் படிப்பது இப்படி. டிஎன்ஏவின் ஒவ்வோர் இடத்திலும் அப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு வடிவங்கள் இருக்கும்; அவற்றை எண்ணால் குறிப்பார்கள். ஓர் இடத்தில் அப்பனுக்கு 142/150, குஞ்சுக்கு 142/158 என்றால், 158 தாயிடமிருந்து வந்தது. அது இல்லாத பெண்கள் எல்லாம் பட்டியலிலிருந்து கழிந்துவிடும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்கள் பார்த்தால் பொதுவாக ஒரு பெண்தான் மிஞ்சும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாவிட்டால் அவசரப்பட்டு அந்தத் தாயை நீக்காதீர்கள். சில வடிவங்கள் சோதனையில் தெரியாமலே ஒளிந்துகொள்ளும்.

அடுத்ததுதான் வியாபாரத்துக்கும் பாதுகாப்புக்கும் சண்டை வரும் இடம். வியாபாரி நல்ல சிவப்பு விழுந்த குஞ்சுகளை, அதுவும் ஒரே அப்பனுடையதை, அடுத்த தாய்மீன்களாக ஒதுக்குவார். விற்பதற்கு அது சரி. இனத்தைக் காக்க வேண்டுமானால் முப்பதையும் இணைசேர வைத்து, ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் சம எண்ணிக்கையில் எடுக்க வேண்டும், அழகு பார்க்காமல். அப்படிச் செய்தால் 30 மீன் ஏறத்தாழ 60க்குச் சமமாகும். கலிஃபோர்னியாவில் டெல்டா ஸ்மெல்ட் என்ற சிறுமீனை இந்த முறையில்தான் காக்கிறார்கள்: உறவு குறைந்த ஜோடியாகத் தேர்ந்து சேர்ப்பது, காட்டு மீனையும் கலப்பது.

அரோவானாவுக்குக் காட்டு மீன் கிடைப்பது எளிதல்ல. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில், 1975இலேயே அது மிகக் கடுமையான முதல் இணைப்பில் சேர்க்கப்பட்டது. பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த பெற்றோரின் குஞ்சாகவும், பண்ணை பதிவு பெற்றதாகவும், மீனுக்குச் சிப் போட்டதாகவும் இருந்தால்தான் வணிகத்துக்கு வழி. இங்கே அந்த அனுமதிகளைப் பார்ப்பது தேசியப் பூங்காக் கழகம். ஆகவே புது ரத்தம் வேண்டுமென்றால் பண்ணைகள் ஆண்களை மாற்றிக்கொள்வதே நடைமுறை. அதிலும் ஒரு வேலி உண்டு: கலிமந்தானின் சிவப்பையும் மலேசியாவின் பொன்னையும் கலந்தால் கண்ணுக்கு விருந்து, ஆனால் எந்த ஆற்றுக்கும் சொந்தமில்லாத மீன் கிடைக்கும்.

பண்ணையில் மிஞ்சியதைக் காட்டாற்றில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற டிரவுட் மீன்களை ஆராய்ந்து 2007இல் வெளியான முடிவு: குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கையில் இனம் பெருக்கும் திறன் சுமார் 40 விழுக்காடு சரிகிறது. தொட்டியில் பிழைக்கும் குணம் ஆற்றில் உதவுவதில்லை. மிஞ்சிய மீனைக் கடையில் விற்பதுதான் ஆற்றுக்கு நல்லது. விற்கும்முன் துடுப்புத் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.